சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன்...

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் குர்கானிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, ரிப்போர்ட் வந்துடுச்சு. எல்லாம் நெகட்டிவ்" என்றாள். நல்ல செய்திதானே என்று நான் வாயெடுப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். நோய் இல்லை என்று சொன்னதற்கு ஒருத்தி ஏன் அழ வேண்டும்? அதற்கு முந்தைய ஐந்து வருடங்களைத் தெரிந்துகொண்டால்தான் அந்த அழுகை புரியும்.

தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று வேளையும் அரிசி சாப்பிட்டு வளர்ந்த பெண். இருபத்திரண்டு வயதில் வேலை கிடைத்து வடக்கே போனாள். தங்கிய விடுதியில் காலையில் பராத்தா, மதியம் ஆபீஸ் கேன்டீனில் ரொட்டி, இரவு மறுபடியும் ரொட்டி. இரண்டாவது வருடம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7.8. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் விழுங்கியும் 8.1-ஐத் தாண்டவில்லை. வாயில் மாதம் ஒருமுறை புண். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு பானை போல உப்பும். சில வாரங்கள் வயிற்றுப்போக்கு, சில வாரங்கள் எதுவுமே இல்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி.

ஊரில் அக்கா பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரைப் பொடியும் பார்சல் அனுப்பிக்கொண்டே இருந்தாள். டாக்டர்களில் ஒருவர் டென்ஷன் என்றார். இன்னொருவர் அல்சருக்கு மாத்திரை எழுதினார். மூன்றாமவர், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். இந்த மூன்றாவது வாக்கியத்தை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கடைசியில் வழி காட்டியது டாக்டர் இல்லை, பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த ஹரியானாப் பெண். "என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது. கோதுமை அலர்ஜி. ரொட்டியை விட்டுப் பார்" என்றாள். இவளும் விட்டாள். மூன்றே வாரத்தில் உப்பசம் போனது. ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டது. பிறகுதான், எதற்கும் உறுதி செய்துகொள்ளலாமே என்று ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். அதன் முடிவுதான் அந்த 'எல்லாம் நெகட்டிவ்'. ஐந்து வருடம் கழித்து ஒரு காரணம் பிடிபட்டது என்று நம்பியிருந்தவளிடம், அதுவும் இல்லை என்று காகிதம் சொல்லிவிட்டது.

காகிதத்தில் எழுதியிருந்தது பொய் இல்லை. ஆனால் சோதனை செய்த நேரம் தவறு. அந்த ஒரு தவறைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன்.

இழுத்தால் வரும் பசை

பரோட்டா மாஸ்டர் மாவு உருண்டையைக் கல்லில் வீசி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிழியாமல், கண்ணாடித்தாள் போல, அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற அளவுக்கு விரியும். அந்த இழுவைக்குப் பெயர்தான் குளூட்டன். கோதுமையில் இருக்கும் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது பின்னிக்கொள்கிற வலை அது. அரிசி மாவை எவ்வளவு பிசைந்தாலும் அப்படி இழுக்க முடியாது, ஏனென்றால் அரிசியில் அது இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு வகைகள் எதிலும் இல்லை. கோதுமை, பார்லி, ரை என்னும் மூன்று தானியங்களில்தான் உண்டு. மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமையின் பிள்ளைகள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பெரும்பாலானோருக்குக் குளூட்டனால் ஒரு தொல்லையும் இல்லை. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டு இரட்டை விலைக்கு விற்கும் பொட்டலங்கள் இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆரோக்கியமாக இருப்பவர் அதை வாங்கி உண்பதால் ஒரு பயனும் கிடையாது.

ஆனால் உலகத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்தப் புரதம் குடலில் ஒரு போரையே தொடங்கி வைக்கிறது. அதற்கு சீலியாக் நோய் என்று பெயர். குளூட்டன் முழுதாகச் செரிக்காமல் துண்டு துண்டாகச் சிறுகுடலுக்கு வருகிறது. அங்கே டிஷ்யூ ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் சொந்த நொதி ஒன்று அந்தத் துண்டுகளைச் சற்றே மாற்றுகிறது. குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களின் உடம்பு, மாறிய அந்தத் துண்டை எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. குளூட்டனைத் தாக்கக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி நம் நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது, குடலின் உள்சுவரையும் அரிக்கிறது. அதனால் இது அலர்ஜி வகையில் சேராது. ருமட்டாய்டு மூட்டுவலியைப் போல, முதல் வகைச் சர்க்கரை நோயைப் போல, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களில் ஒன்று.

சிறுகுடலின் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். வெல்வெட் துணியின் மென்மயிர் போல லட்சக்கணக்கில் நிற்கும். உணவின் சத்தை உள்ளே இழுப்பவை அவைதான். சீலியாக் நோயில் அவை தேய்ந்து, அறுவடை முடிந்த வயல் போலக் குடல் சுவர் மொட்டையாகிவிடும். முதலில் அடிபடுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. இரும்புச்சத்து உள்ளே போகும் வாசலும் அதுதான். என் அக்கா மகளுக்கு மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. விழுங்கியதெல்லாம் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

பாலைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியும் அந்த உறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்தால் பாலும் ஒத்துக்கொள்ளாது. "எனக்குப் பால்தான் ஆகாது" என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டு, பாலை விட்டும் பாதி தொல்லை போகாமல் அவதிப்படுகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

வயிற்றில் மட்டும் இல்லை

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலம் ஆகிறது? அது வேறு நோய்களின் வேடத்தில் வருவதுதான் காரணம். குழந்தையாக இருந்தால் வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, சூம்பிய கைகால், வயதுக்கேற்ற உயரம் வராமை, பூப்பெய்துவதில் தாமதம். பெரியவர்களுக்கோ வயிற்றில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தீராத ரத்தசோகை மட்டும் இருக்கும். அல்லது நாற்பது வயதிலேயே எலும்பு தேய்ந்திருக்கும். அடிக்கடி கருக்கலைவு, காரணம் தெரியாத குழந்தையின்மை, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி மட்டும் சற்று உயர்ந்திருப்பது, நடையில் தள்ளாட்டம். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்க முடியாத அரிப்போடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும் ஒரு தோல் நோய்கூட இதே நோயின் இன்னொரு முகம்தான்.

இந்தப் பட்டியலைப் படித்ததும் பாதிப் பேருக்கு, இது எனக்கும் இருக்கிறதே என்று தோன்றும். நியாயம்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் சாப்பாட்டில் இரும்பு போதாமை, மாதவிடாயில் அதிகம் போகும் ரத்தம், குடல் புழு, அடுத்தடுத்த பிரசவம். குளூட்டன் அந்த வரிசையில் மிகவும் பின்னால் நிற்கிறது. ஆகவே ரத்தசோகை என்றதும் கோதுமையைச் சந்தேகப்பட வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை என்றால் அது வேறு. அப்போது, எனக்குச் சீலியாக் சோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. முதல் வகைச் சர்க்கரை நோயோ, தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கும் நோயோ இருப்பவர்களும், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்குச் சீலியாக் இருப்பவர்களும் சற்று முன்கூட்டியே கேட்கலாம்.

பஞ்சத்தில் பிழைத்த குழந்தைகள்

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டு முக்கால் நூற்றாண்டுதான் ஆகிறது. லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888-லேயே நோயின் அடையாளங்களைத் துல்லியமாக எழுதிவிட்டார். குணமாவதாக இருந்தால் உணவால்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முக்கியமாக வைத்து ஒரு பத்தியம் கொடுத்தார். குழந்தைகள் தேறின. வாழைப்பழத்தில் மருந்து இருக்கிறது என்றே அவர் நம்பினார். அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லாமல் போனதுதான் மருந்து என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவர் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த வில்லெம் கரெல் டிக்க. ரொட்டியை நிறுத்தினால் இந்தக் குழந்தைகள் தேறுகிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு 1930-களிலேயே வந்துவிட்டது. பிறகு போர். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வருவது நின்றது. மக்கள் டியூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் பசியால் செத்தார்கள். ஊரே மெலிந்த அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமடையவில்லை. சாப்பிட ரொட்டி கிடைக்காததே அவர்களைக் காப்பாற்றியது. ரொட்டி திரும்பி வந்தபோது நோயும் திரும்பியது.

டிக்க அதோடு நின்றுவிடவில்லை. கண்ணால் பார்த்தது போதாது என்று, வேதியியலாளர் வான் டெ காமர், சக மருத்துவர் வைஜர்ஸ் இருவரோடும் சேர்ந்து குழந்தைகளின் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தார். கோதுமையை நிறுத்தி அளந்தார்கள், மறுபடி கொடுத்து அளந்தார்கள். கொடுத்தபோதெல்லாம் கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறியது. 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடு இதைத்தான் நிறுவியது. நிறுத்திப் பார்ப்பதும் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுமாக இரண்டையும் செய்தால்தான் உறுதி என்ற அந்தப் பாடத்தை, எழுபது வருடம் கழித்து குர்கானில் ஒரு பெண் தன் உடம்பில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சோதனை எப்படி வேலை செய்கிறது

முதல் படி ஒரு ரத்தப் பரிசோதனை. சுருக்கமாக டிடிஜி-ஐஜிஏ என்பார்கள். மேலே சொன்ன நொதிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை. இதில்தான் விஷயம் இருக்கிறது. குளூட்டன் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் உடம்பு இந்த எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். கோதுமையை விட்டுச் சில மாதங்கள் ஆனால் அளவு மெல்ல இறங்கிச் சாதாரணமாகிவிடும். குடலும் ஆறத் தொடங்கும். அப்போது ரத்தம் எடுத்தாலும் நெகட்டிவ், குடல் சதை எடுத்தாலும் நெகட்டிவ். தீயை அணைத்த பிறகு புகை தேடுவது போலத்தான்.

இந்த ரத்தச் சோதனையோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே பிறவியிலிருந்து சுரப்பதில்லை. அவர்களுக்கு எவ்வளவு கடுமையான நோய் இருந்தாலும் டிடிஜி-ஐஜிஏ நெகட்டிவ் என்றுதான் வரும். அவர்களுக்கு ஐஜிஜி வகைச் சோதனை செய்ய வேண்டும்.

ரத்தத்தில் பாசிட்டிவ் என்றால் பெரியவர்களுக்கு அடுத்தது எண்டோஸ்கோபி. வாய் வழியாகக் குழாய் விட்டு முன்சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்குகள் எடுப்பார்கள். சேதம் திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு துணுக்கு போதாது. தொடக்கப் பகுதியில் ஒன்றிரண்டும் அதற்கு அடுத்த பகுதியில் நான்கும் எடுப்பதே முறை. வலி பெரிதாக இருக்காது. அன்றே வீட்டுக்குப் போகலாம். குழந்தைகளுக்குச் சலுகை உண்டு. டிடிஜி அளவு இயல்பின் உச்ச வரம்பைப் போல பத்து மடங்கோ மேலோ இருந்து, தனியாக இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற மற்றொரு எதிர்ப்பொருளும் பாசிட்டிவாக இருந்தால், சதை எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய்ச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது.

ஏற்கெனவே கோதுமையை விட்டுவிட்டவர்கள் என்ன செய்வது? என் அக்கா மகளிடம் அடுத்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "டெஸ்ட் எடுத்தப்போ கோதுமை சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?" என்பதுதான். இல்லை என்றதும் அவர் முதலில் மரபணுச் சோதனைக்கு எழுதினார். சீலியாக் நோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு மரபணு வகைகளில் ஒன்றாவது இருக்கும். இரண்டும் இல்லை என்றால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். இந்தச் சோதனைக்குக் கோதுமை சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை, மரபணு மாறப்போவதில்லையே. ஆனால் இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த மரபணுவைச் சுமந்துகொண்டு ஒரு தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

அவளுக்கு டிக்யூ2 இருந்தது. ஆகவே கஷ்டமான வழிதான் மிச்சம். மறுபடியும் கோதுமை சாப்பிட வேண்டும், ஆறிலிருந்து எட்டு வாரம், தினமும் மூன்று கிராம் குளூட்டனாவது உள்ளே போகும்படி. இரண்டு சப்பாத்தி அதற்கு ஏறக்குறைய போதும். அந்த எட்டு வாரமும் அவள் தினமும் இரவு போன் செய்வாள். வயிறு உப்பி, உடம்பெல்லாம் அசதியாக, "சித்தி, விஷம்னு தெரிஞ்சே சாப்பிடுற மாதிரி இருக்கு" என்பாள். தாங்க முடியாதவர்களுக்கு இரண்டு வாரத்தோடு முடித்துக்கொண்டு சோதிப்பதும் உண்டு. அப்போது சோதனையில் தப்பிவிடும் வாய்ப்பு கூடுதல். இதை டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் யாரும் வீட்டில் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளும் வளர்கிற வயதுக் குழந்தைகளும் நிச்சயமாகக் கூடாது.

எட்டு வாரம் கழித்து டிடிஜி அளவு வரம்பைப் போலப் பல மடங்கு. எண்டோஸ்கோபியில் எடுத்த துணுக்கில் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. ரொட்டியை நிறுத்துவதற்கு முன் ஒரு சின்னச் சோதனைக் குழாய் நிறைய ரத்தம் கொடுத்திருந்தால் இதெல்லாம் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும்.

கோதுமைதானா, வெங்காயமா?

நிறுத்தினால் நன்றாக இருக்கிறது, பிறகு சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரு நார்வே ஆய்வு. ஆஸ்லோவில், சீலியாக் இல்லாமல் தாங்களாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டக் கட்டிகளை ஒரு வாரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான், ஒன்றில் இரண்டும் இல்லை. வயிற்றுத் தொல்லை அதிகம் வந்தது ஃப்ரக்டான் தின்ற வாரத்தில்தான். ஃப்ரக்டான் என்பது கோதுமையில் இருக்கும் ஒரு வகை மாவுச்சத்து. குடலில் செரிக்காமல் கீழே இறங்கிப் புளித்து வாயுவாகும். வெங்காயத்திலும் பூண்டிலும் அது நிறைய உண்டு. பரோட்டாவை விட்டதும் வயிறு லேசானதென்றால் போனது மைதாவின் குளூட்டனா, ஃப்ரக்டானா, அதோடு கூடவே போன சால்னாவின் வெங்காயமா, பூண்டா, எண்ணெயா? நாமாக யூகிக்க முடியாது.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஃப்ரக்டான் ஆகாதவர் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும், ஒரு கல்யாண வீட்டில் ஒரு பூரி தின்றால் அன்றைக்கு வாயுத் தொல்லையோடு போகும். சீலியாக் உள்ளவருக்கோ ஆயுள் முழுவதும் ஒரு துளிகூடக் கூடாது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ரொட்டியில் ஒரு சிறு துணுக்கு, மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் சேதமாவதை இத்தாலிய ஆய்வு ஒன்று 2007-ல் காட்டியது. அலட்சியமாக இருந்தால் எலும்புத் தேய்மானத்திலிருந்து, அரிதாகச் சிறுகுடல் லிம்ஃபோமா புற்றுநோய் வரை போகலாம். எது என்று தெரியாமல் எப்படி வாழ்வது?

கோதுமை அலர்ஜி என்பது மூன்றாவது சங்கதி. தின்ற சில நிமிடங்களில், அல்லது இரண்டொரு மணி நேரத்தில், உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல். அதற்கு ஐஜிஇ சோதனை வேறு. வடக்கே மக்கள் சீலியாக்கையும் 'கோதுமை அலர்ஜி' என்றே சொல்வதால் இரண்டும் அங்கே குழம்பிக் கிடக்கின்றன.

லேப் விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒவ்வாமை பார்த்துச் சொல்கிறோம் என்று ஐஜிஜி சோதனை விற்கிறார்கள். நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. அதை வைத்து நோய் சொல்ல முடியாது என்று அலர்ஜி மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. அந்தப் பணத்தை டிடிஜி-க்குக் கொடுங்கள்.

வேலூர் சொன்ன கணக்கு

தென்னாட்டில் இது அபூர்வமாயிற்றே என்று இங்கே டாக்டர்கள் சொல்வது வெறும் அலட்சியம் என்று நான் முதலில் நினைத்தேன். அதில் உண்மை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் நெடுங்காலம் பணியாற்றிய குடல்நோய் நிபுணர் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 ஆரோக்கியமான பெரியவர்களைப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. வடக்கில் ஆயிரம் பேருக்கு 8.53 பேருக்குச் சீலியாக். வடகிழக்கில் 4.66. தெற்கில் 0.11, அதாவது ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேரில் ஒருவர்.

இதோடு நின்றிருந்தால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். அதே ஆய்வு மரபணுவையும் பார்த்தது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 வடக்கில் 38.1 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கில் 36.4 சதவீதம் பேருக்கு. ஏறக்குறைய சமம். வேறுபட்டது தட்டில் இருந்த கோதுமை. வடக்கில் சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் உண்டார், தெற்கில் 25 கிராம். கோதுமை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வடகிழக்கில் வெறும் 37 கிராம்தான் உண்கிறார்கள், நோயோ நம்மைவிடப் பல மடங்கு. என்றாலும் என் அக்கா மகளின் கதை எனக்கு இந்தக் கணக்கில் தெரிகிறது. தஞ்சாவூரிலேயே இருந்திருந்தால் இந்த நோய் அவளுக்கு வந்திருக்குமா, வேறு வயதில் வந்திருக்குமா? யாரும் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை நோய் என்றதும் இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் தமிழ்நாட்டில் இன்று தெருவுக்குப் பத்து. அந்தக் கணக்கு எடுத்தபோது இருந்த தட்டும் இன்றைய தட்டும் ஒன்றில்லை.

வேலூருக்கு இதில் இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 1960-களில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் வயிற்றுப்போக்கு, சோர்வு, மெலிவு என்று ஒரு நோய் ஊர் ஊராகப் பரவியது. ட்ராபிகல் ஸ்ப்ரூ என்று அதற்குப் பெயர். சி.எம்.சி.யின் பேக்கரும் மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் ஆராய்ந்தார்கள். அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும், ஆனால் காரணம் கோதுமை இல்லை. ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் தேறிவிடும். நம் ஊரில் குடல் சதையில் தேய்மானம் தெரிந்தது என்பதற்காக மட்டும் ஒருவரை ஆயுள் முழுக்க கோதுமை தொடாதே என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். ஜியார்டியா கிருமி, குடல் காசநோய் என்று வேறு பலவும் இதே தோற்றத்தில் வரும். ரத்தம், சதை, பத்தியத்துக்குப் பின் தேறுதல் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் தீர்ப்பு.

பெருங்காயத்தில் ஒளிந்திருப்பது

சீலியாக் என்று உறுதியானால் மாத்திரை எதுவும் கிடையாது. உணவுதான் மருந்து. அரிசியும் சிறுதானியமும் சாப்பிடும் நமக்கு அது எளிது என்றுதான் நானும் நினைத்தேன். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை, கேழ்வரகுக் களி. ஐரோப்பாவில் ஒரு நோயாளி ஏங்கித் தவிக்கிற தட்டு நம் அடுக்களையில் தினமும் இருக்கிறது.

முதல் பொங்கலுக்கு அக்கா மகள் ஊருக்கு வந்தபோதுதான் கண் திறந்தது. சாம்பார் வைத்துவிட்டு அக்கா பெருமையோடு பரிமாறினாள். மகள் எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி கோந்தும் மாவும்தான். அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா, சிலவற்றில் அரிசி மாவு. சாம்பாரில் பெருங்காயம், ரசத்தில் பெருங்காயம், ஊறுகாயில், இட்லிப் பொடியில், மோர்மிளகாயில். அக்கா அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்கு ஊட்டியதெல்லாம் இதுவா என்பது போல இருந்தது அவள் முகம்.

பிறகு மாவு மில். நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள், அதே எந்திரத்தில் நம் கேழ்வரகு. ஹோட்டலில் பரோட்டா சுடும் கல்லிலேயே தோசை. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம். ரவா தோசையில் ரவை, சத்து மாவில் கோதுமை, பாலில் கலக்கும் மால்ட் பானத்தில் பார்லி, திருநெல்வேலி அல்வாவில் கோதுமைப் பால். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும் பொருளை 'குளூட்டன் ஃப்ரீ' என்று விற்கக் கூடாது. பொட்டலத்தில் வருவதற்கு அது காவல். மில்லுக்கும் ஹோட்டல் கல்லுக்கும் எந்த முத்திரையும் கிடையாது. அக்கா இப்போது அரிசியும் கேழ்வரகும் வீட்டு மிக்ஸியில்தான் அரைக்கிறாள். பெருங்காயம் அரிசி மாவு சேர்த்தது வாங்குகிறாள், ஒவ்வொரு முறையும் லேபிளை என்னை விட்டுப் படிக்கச் சொல்லி.

அக்கா மகளுக்கு ஹீமோகுளோபின் இப்போது 12.4. வருடத்துக்கு ஒருமுறை டிடிஜி பார்க்கிறார்கள், எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி-யும் பார்த்தாயிற்று. குடல் முழுதாக ஆறப் பெரியவர்களுக்குச் சில சமயம் ஓரிரு வருடத்துக்கு மேலும் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தலைமுடி திரும்ப வளர்ந்துவிட்டது. அதைத்தான் அவள் எல்லோரிடமும் முதலில் காட்டுகிறாள்.

நெருங்கிய ரத்த உறவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம் என்பதால் பெற்றோரையும் சோதிக்கச் சொன்னார்கள். அத்திம்பேர் போய்வந்துவிட்டார், அவருக்கு ஒன்றும் இல்லை. "எனக்கு என்னடி வரப்போகுது அறுபது வயசுல" என்று அக்கா மாதக்கணக்கில் தட்டிக் கழித்தாள். சர்க்கரைக்காகப் பத்து வருடமாக இரவில் சப்பாத்தி சாப்பிடுகிறவள். ரத்தசோகைக்கு அவளும் மாத்திரை போடுகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போன வாரம் ரத்தம் கொடுக்கப் போவதாக ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். சோதனைக்கு முந்தின இரவு, எதற்கு வம்பு என்று சப்பாத்தியை ஒதுக்கிவிட்டு இட்லி ஊற்றப் போனவளை, போனில் மகள்தான் நிறுத்தினாள்.

"அம்மா, டெஸ்ட் முடியற வரைக்கும் சப்பாத்தியை நிறுத்தாதே. எனக்காக இன்னைக்கும் ரெண்டு சாப்பிடு."

அக்கா மாவைப் பிசைந்தாள்.